வாசகர் கேள்வி-பதில்: பச்சைக் கண்ணாடியும் ரோஸ் கலர் காவலர்களும்

எதிர்கால உலகங்களைக் காட்டும் படங்களிலும் தொடர்களிலும் நிறம் என்ன வேலை பார்க்கிறது என்று கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். யுடோபியா, டிஸ்டோபியா என்ற இரண்டு வார்த்தைகளும் நிறைய கடிதங்களில் வந்ததால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலாவது எல்லாரும் சுகமாக வாழும் கனவு ஊர், இரண்டாவது யாரும் தப்பிக்க முடியாத கெட்ட கனவு ஊர். பல படங்களில் இரண்டும் ஒரே ஊர்தான். அதனால்தான் கேள்விகளும் சுவாரஸ்யமாக வந்திருக்கின்றன.

எதிர்காலம் என்றாலே ஏன் எல்லாப் படத்திலும் ஒரு நீலச் சாம்பல், இல்லாவிட்டால் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை? எதிர்காலத்தில் வெயிலே அடிக்காதா சார்?
*கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

வெயில் அடிக்கும் தம்பி, படம் எடுப்பவர்களுக்குத்தான் அதைக் காட்ட மனசு வரவில்லை. இதற்கு ஒரே காரணம் என்று சொல்ல முடியாது, நாலைந்து சமாச்சாரங்கள் சேர்ந்து வந்த பழக்கம் இது. முதலில் கண். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் மங்கும், நீலமும் பச்சையும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஆகவே நீலம் தூக்கலான காட்சியைப் பார்த்ததும் இருட்டு, குளிர், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அப்புறம் ஃபிலிம் லேப். கலர் ஃபிலிமைக் கழுவும்போது அதிலிருக்கும் வெள்ளியை நீக்குவதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதைச் செய்யாமல் விட்டால் வெள்ளி ஃபிலிமிலேயே தங்கிவிடும், கறுப்பு அழுத்தமாகும், மற்ற நிறமெல்லாம் வெளிறிப்போகும். சர்வாதிகாரத்தில் சிக்கிய லண்டனைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நாவலை '1984' என்று அதே 1984-இல் படமாக்கியபோது ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் இந்த வழியைத்தான் பிடித்தார். துவைத்துத் துவைத்துச் சாயம் போன சட்டை மாதிரி ஒரு லண்டன் கிடைத்தது.

1999-இல் 'தி மேட்ரிக்ஸ்' வந்தது. அதில் கம்ப்யூட்டர் உருவாக்கிய பொய் உலகம் பச்சைச் சாயலில் இருக்கும் (பழைய மானிட்டர்களில் கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து ஓடுமே, அந்தப் பச்சை), நிஜ உலகம் நீலமாக இருக்கும். அந்தப் பச்சைக்கு அர்த்தம் இருந்தது, ஏனென்றால் பக்கத்திலேயே நீலம் இருந்தது. ஒரு ஷாட்டைப் பார்த்ததுமே எந்த உலகத்தில் நிற்கிறோம் என்று புரிந்தது. பின்னால் வந்தவர்கள் பச்சையை மட்டும் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷமே அதே டீக்கின்ஸ் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தை முழுசாக ஸ்கேன் செய்து, மிசிசிப்பியின் பச்சைப்பசேல் கோடையைக் காய்ந்த மஞ்சளாக மாற்றிக் காட்டினார். நம் ஊரில் டி.ஐ. (படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நிறம் மாற்றும் வேலை) என்கிறோமே, அது பரவ ஆரம்பித்தது அங்கிருந்துதான். லேபில் உயிரைக் கொடுத்துச் செய்த காரியம் ஒரு குமிழைத் திருகும் வேலையானதும் எல்லாரும் திருகினார்கள்.

உலகம் அழிந்துவிட்டது என்றால் நிறத்தைப் பிழிந்து எடுத்துவிட வேண்டும் என்ற இந்தச் சம்பிரதாயத்தைப் பிடிவாதமாக உடைத்தவர் ஜார்ஜ் மில்லர். 2015-இல் வந்த அவருடைய 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தில் நமீபியப் பாலைவனம் நெருப்பு ஆரஞ்சில் இருக்கும், வானம் அப்பட்டமான நீலத்தில் இருக்கும், கொளுத்துகிற பகலில் எடுத்த காட்சிகளை நீலமாக்கியே இரவு என்று காட்டியிருப்பார்கள். அடுத்த வருஷம் அதே படத்துக்குக் கறுப்பு-வெள்ளைப் பதிப்பும் வந்தது. ஒன்று முழு நிறம், இல்லையென்றால் நிறமே வேண்டாம், நடுவில் கிடக்கும் சாம்பல்தான் மனுஷனுக்கு ஆகாது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

'ப்ளேட் ரன்னர் 2049'-இல் லாஸ் வேகஸ் முழுக்க ஆரஞ்சாக இருக்கிறதே, வானம் அப்படியெல்லாம் மாறுமா, இல்லை சும்மா ஸ்டைலா?
*பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்*

மாறும், மாறியும் இருக்கிறது. 2017-இல் வந்த அந்தப் படத்தின் ஆரஞ்சுக்கு, 2009-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தை மூடிய செம்புழுதிப் புயலின் படங்களை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் படத்துக்காகத்தான் டீக்கின்ஸுக்கு முதல் ஆஸ்கர் கிடைத்தது, அதுவும் பதினான்காவது முறை பரிந்துரைக்கப்பட்ட பிறகு.

ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது அப்புறம் நடந்த கதை. 2020 செப்டம்பர் 9 அன்று காலை சான் பிரான்சிஸ்கோவில் மக்கள் எழுந்து ஜன்னலைத் திறந்தால் வானம் அந்தப் படம் மாதிரியே இருக்கிறது. கலிஃபோர்னியா காட்டுத் தீயின் புகை மேலே ஏறி நின்று, சூரிய ஒளியில் இருக்கும் நீலத்தைச் சிதறடித்துவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் மட்டுமே கீழே விட்டது. கீழே வழக்கமான கடல் மூடுபனி வேறு. பட்டப்பகலில் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. எல்லாரும் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள், பிடித்த படத்தில் வானம் சாதாரண சாம்பலாக வந்தது! ஏனென்றால், காட்சி முழுக்க ஒரே நிறம் ஏறியிருந்தால் அது விளக்கின் கோளாறு என்று எண்ணிக்கொண்டு போன் கேமரா தானாகவே அதைச் சரிசெய்துவிடும். ஜன்னலுக்கு வெளியே உலகம் தீப்பிடித்த நிறத்தில் இருக்க, கையிலிருக்கும் கருவி ஒன்றுமில்லை, எல்லாம் சகஜம் என்று காட்டிக்கொண்டிருந்தது. கேமரா செட்டிங்கைக் கையால் மாற்றத் தெரிந்தவர்களுக்குத்தான் நிஜம் கிடைத்தது. ட்ரோனில் எடுத்த காட்சிகளோடு 'ப்ளேட் ரன்னர் 2049' இசையைச் சேர்த்து ஒரு வீடியோவும் அப்போது ஓடு ஓடென்று ஓடியது.

எந்த டிஸ்டோபியா இயக்குநரும் இப்படி ஒரு காட்சியை யோசித்து எழுதியிருக்க மாட்டார் டீச்சர். ஆரஞ்சு வானத்தைவிட, அதைச் சாம்பலாக்கிக் காட்டிய போன்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நிறத்தை வைத்து ஒரு கனவு ஊரைக் காட்டியதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது? புதுப் படமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்*

பரவாயில்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் 1900-க்குப் போகிறேன் ஐயா. எல். ஃபிராங்க் பாம் எழுதிய ஓஸ் மந்திரவாதி நாவல். அதில் டோரத்தி என்ற சிறுமியின் கான்சாஸ் ஊர் முழுக்கச் சாம்பல் நிறம். புல் சாம்பல், வீடு சாம்பல், அவளுடைய சித்தியின் கண்கூடச் சாம்பல் என்று பாம் அடுக்கிக்கொண்டே போவார். அங்கிருந்து சூறாவளி அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு நாட்டில் போட, அவள் நடந்து நடந்து மரகத நகரத்துக்கு வந்து சேர்கிறாள். வாசலில் ஒரு காவலாளி. உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டி, பின்னால் சாவி போட்டுப் பூட்டுகிறான். ஊரின் பிரகாசம் கண்ணைக் கெடுத்துவிடுமாம், அதற்குப் பாதுகாப்பாம். டோரத்தியின் நாய்க்குட்டிக்குக்கூட ஒரு கண்ணாடி உண்டு.

உள்ளே போனால் எல்லாமே பச்சை, வீடு, தெரு, வானம், மிட்டாய் வரைக்கும். அவளுக்கு உடுத்தப் பச்சைப் பட்டுச் சட்டை கொடுக்கிறார்கள். ஊரை விட்டு வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றியபின் பார்த்தால் சட்டை சுத்த வெள்ளை! கடைசியில் மந்திரவாதியே ஒப்புக்கொள்கிறான்: ஊருக்கு மரகதம் என்று பேர் வைத்துவிட்டேன், பேர் பொருந்த வேண்டுமே என்று எல்லாருக்கும் கண்ணாடி மாட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்கு நாம் கலர் கிரேடிங் (எடுத்த படத்தின் நிறத்தைப் பின்னால் திருத்துவது) என்று சொல்வதை அந்த ஆள் அன்றைக்கே செய்திருக்கிறான், ஒரே வித்தியாசம், படத்துக்குப் போடாமல் பார்ப்பவன் கண்ணிலேயே போட்டுவிட்டான். 1939-இல் வந்த சினிமாவில் இந்தக் கண்ணாடியை விட்டுவிட்டார்கள். டெக்னிகலர் என்ற கலர் ஃபிலிம் முறையின் புது ஆச்சரியத்தைக் காட்ட வந்த படம், நிறம் ஒரு ஏமாற்று வேலை என்று எப்படிச் சொல்லும்? நாவலில் வெள்ளியாக இருந்த டோரத்தியின் செருப்பைப் படத்தில் மாணிக்கச் சிவப்பாக்கியதும் டெக்னிகலர் எடுப்பாகத் தெரியத்தான். ஆனால் அவர்கள் செய்த ஒரு தந்திரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். டோரத்தி கதவைத் திறந்ததும் பழுப்பு உலகம் போய்க் கலர் உலகம் வருகிறதே, அந்த ஷாட் முழுக்கக் கலர் ஃபிலிமில் எடுத்தது. வீட்டின் உட்புறத்துக்குப் பழுப்புப் பெயிண்ட் அடித்து, மாற்று நடிகை ஒருவருக்குப் பழுப்பு உடை மாட்டி, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கதவைத் திறந்து ஒதுங்கியதும், நீல உடையில் ஜூடி கார்லண்ட் நடந்து வருவார். கம்ப்யூட்டர் கிடையாது, வெறும் பெயிண்ட்தான்.

புத்தகத்தில் வரும் அந்தக் கண்ணாடிதான் எனக்கு இந்த விஷயத்தில் அளவுகோல். எந்தக் கனவு ஊரைத் திரையில் பார்த்தாலும் இந்த நிறத்தை யார் முடிவு பண்ணினார்கள், சாவி யார் கையில் என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் நிற்கும் அடுக்குமாடி விளம்பரங்களில் புல்தரை ஒரு பச்சையில் இருக்குமே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'ஸ்க்விட் கேம்' கொலைகாரத் தொடர். அதில் காவலர்களுக்கு ஏன் ரோஸ் கலர் உடை? சிரிப்பு வர வேண்டாமா?
*இல்லத்தரசி, சேலம்*

முதல் அரை மணி நேரம் சிரிப்பு வரும் அம்மா, அப்புறம் அந்த ரோஸைப் பார்த்தாலே வயிறு கலங்கும். 2021-இல் வந்த அந்தக் கொரியத் தொடரில் தோற்றால் உயிர் போகும் விளையாட்டை ஆட வந்த 456 பேர் பச்சை ட்ராக் சூட்டில், காவலர்கள் பளிச்சென்ற ரோஸில். போகவர இருக்கும் படிக்கட்டுகள் ரோஸ், இளம்பச்சை, மஞ்சள் என்று குழந்தைகள் பள்ளிக்கூடம் மாதிரி. விளையாட்டு மைதானத்துச் சுவரில் நீல வானத்தை வரைந்தே வைத்திருக்கிறார்கள். செத்தவர்களை எடுத்துப்போகிற சவப்பெட்டியைக் கவனித்தீர்களா? கறுப்புப் பெட்டி, மேலே ரோஸ் ரிப்பன் கட்டி, பிறந்தநாள் பரிசு போல.

சாம்பல் நிற ஜெயிலைக் காட்டினால் இங்கே அடிப்பார்கள் என்று நமக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், மனசைத் தயார் பண்ணிக்கொள்வோம். இங்கே கண் விளையாட்டு என்கிறது, காது துப்பாக்கிச் சத்தம் என்கிறது, இரண்டும் ஒத்துப்போகாத அந்த இடத்தில்தான் பயம் வருகிறது. அதோடு, அங்கே யாருக்கும் தன் உடையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை, காவலர்களுக்கும் சேர்த்துத்தான். 'வால்-ஈ' (2008) அனிமேஷனில் இதைவிடச் சாதுவாக ஒரு காட்சி வரும்: விண்கலத்தில் எல்லாரும் சிவப்பு உடையில் சாய்ந்து கிடப்பார்கள், இனிமேல் நீலம்தான் புது ஃபேஷன் என்று ஒரு அறிவிப்பு வரும், ஒரு பட்டனைத் தட்டியதும் அத்தனை பேர் உடையும் நீலமாகிவிடும். ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. குழந்தைகள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், பெரியவர்களுக்குத்தான் உறுத்தும்.

சிவப்பு நம்பிக்கையின் நிறமா, ஆபத்தின் நிறமா?
*வாசகர், மதுரை*

ரெண்டும்தான், போடுகிற ஆளைப் பொறுத்தது. சீனக் கலாச்சாரப் புரட்சி கால ஓவியங்களுக்கு சிவப்பு, பிரகாசம், ஒளி என்று மூன்றே வார்த்தையில் ஒரு இலக்கணமே இருந்தது. மாவோவின் முகம் வெதுவெதுப்பான செந்நிறத்தில் தானே ஒளிவிடுவது போல இருக்க வேண்டும், சுற்றியிருப்பவர்கள் கன்னமெல்லாம் அந்த வெளிச்சம் பட்ட மாதிரி சிவந்திருக்க வேண்டும். பார்த்தால் கொண்டாட்டம். வேறு நிறத்தில் வரைய அனுமதி இருந்ததா என்று யோசித்தால் கொண்டாட்டம் கொஞ்சம் குறையும்.

மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' கதையில் பிள்ளை பெற்றுத் தர வைக்கப்பட்ட பெண்களுக்குச் சிவப்பு அங்கி. தப்பி ஓடினால் தூரத்திலிருந்தே தெரியும், அதற்காகவும்தான். 2017-இல் தொடராக வந்த சமயத்தில், அமெரிக்காவின் டெக்சாஸிலும் அடுத்த வருஷம் அர்ஜென்டினாவிலும் பெண்கள் அதே சிவப்பு அங்கியையும் வெள்ளைத் தொப்பியையும் தாங்களாகவே போட்டுக்கொண்டு போராட்டத்துக்கு வந்து நின்றார்கள். அதே துணி, அதே சிவப்பு, மாட்டிவிட்டவர்தான் வேறு.

ஆடை ஏற்றுமதி வேலையாக டாக்கா போய்வருகிறவன் நான். 'எக்ஸ்ட்ராக்‌ஷன்' படத்தில் அந்த ஊர் மஞ்சள்காமாலை வந்த மாதிரி இருக்கிறது. நான் பார்த்த டாக்கா அப்படி இல்லையே?
*வாசகர், திருப்பூர்*

நீங்கள் மட்டும் இல்லை, 2020-இல் அந்தப் படம் வந்தபோது பலரும் இதே கேள்வியைக் கேட்டார்கள், மீம் போட்டே கிழித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த டாக்காவில் பல தெருக்கள் அகமதாபாத்தும் தாய்லாந்தும். ஊர் மாறினாலும் மஞ்சள் மாறவில்லை.

இந்த வழக்கத்துக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது ஸ்டீவன் சோடர்பெர்கின் 'ட்ராஃபிக்' (2000). மூன்று கதைகள் மாறி மாறி ஓடும் படம். மெக்சிகோவுக்குப் புகையிலை நிற ஃபில்டர், வாஷிங்டனுக்குக் குளிர்ந்த நீலம். கதை குழம்பாமல் இருக்கச் செய்த வேலை என்றால் ஒத்துக்கொள்ளலாம், நல்ல படமும்தான். ஆனால் அதற்கப்புறம் மெக்சிகோ, இந்தியா, வங்கதேசம் எது வந்தாலும் மஞ்சள் என்று ஆகிவிட்டது. வெப்பத்தைக் காட்டத்தான் என்பார்கள். சித்திரை வெயிலில் மதியம் வெளியே வந்து நின்று பார்க்கட்டும், மஞ்சளாகவா இருக்கிறது? வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசும், நிழல் கருகருவென்று விழும். மஞ்சள் ஃபில்டர் வெயிலைக் காட்டுவதில்லை, காற்று அழுக்கு, தண்ணீர் அழுக்கு, ஆட்களின் தோலும் நோய்ப்பட்டது என்று காட்டுகிறது. 2049-ஆம் ஆண்டு லாஸ் வேகஸுக்குப் போட்ட நிறத்தை இன்றைக்கு ஜனங்கள் குடும்பம் நடத்தும் ஊருக்குப் போட்டால், அந்த ஊர் ஏற்கெனவே அழிந்துபோய்விட்டது என்றுதானே அர்த்தம்? எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

எனக்குச் சிவப்பு-பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது. இந்தப் படங்களில் நான் பாதியைத் தவறவிடுகிறேனா?
*வாசகர், ஈரோடு*

கொஞ்சம் தவறும், பாதி எல்லாம் இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, ஆகவே நல்ல கலை இயக்குநர்கள் நிறத்தை மட்டும் நம்பிக் கதை சொல்வதில்லை. 'ஸ்க்விட் கேம்' ரோஸும் நீலம் கலந்த பச்சையும் சிலருக்கு ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியலாம். ஆனால் காவலர்களுக்கு முகமூடி, ஆட வந்தவர்களுக்கு முதுகில் நம்பர். அதுவும் போக முகமூடியில் வட்டம், முக்கோணம், சதுரம். யார் யார் என்பதில் உங்களுக்குக் குழப்பமே வராது. வெளிச்சம்-இருட்டு வித்தியாசத்தைப் பிடிப்பதில் உங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. 'ஃப்யூரி ரோட்' கறுப்பு-வெள்ளைப் பதிப்பைப் பாருங்கள், எல்லாருக்கும் சமமான ஆட்டம்.

தமிழில் இப்படி யோசித்து நிறத்தைப் பயன்படுத்திய படம் ஒன்று சொல்லுங்களேன்.
*வாசகி, விழுப்புரம்*

பா. இரஞ்சித்தின் 'காலா' (2018). எதிர்காலக் கதை இல்லை, ஆனால் அதற்குள் இரண்டு கனவு ஊர்கள் மோதுகின்றன. சுத்தமான மும்பை என்று பேசும் அரசியல்வாதியின் வீடு, உடை எல்லாம் வெள்ளை. தாராவியின் நாயகனுக்குக் கறுப்பு. வெள்ளை என்றால் தூய்மை, கறுப்பு என்றால் கெட்டது என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்ட கணக்கை அப்படியே திருப்பிப் போட்ட படம் அது. கடைசியில் வண்ணப்பொடி பறக்குமே, முதலில் கறுப்பு, அப்புறம் சிவப்பு, நீலம் என்று திரையே நிரம்பும். அந்த மூன்று நிறத்துக்கும் அரசியல் அர்த்தம் என்ன என்று நம் ஊர் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெள்ளை வீட்டுக்காரரின் கனவில் ஒரு நிறம்தான், தாராவியின் கனவில் பல நிறம். பொடி தூவும் காட்சியை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், கதை புரியும்.

2080 சென்னையை வைத்துக் குறும்படம் எடுக்கிறோம். பட்ஜெட் கம்மி. டிஸ்டோபியா லுக் வர எந்த லட் போடலாம்?
*விஸ்காம் மாணவர்கள், கோவை*

லட்டில் (படம் முழுக்க நிறத்தை மாற்றிக் கொடுக்கும் ரெடிமேட் ஃபைல்) ஆரம்பிக்காதீர்கள் தம்பிகளா, அது கடைசி வேலை. முதலில் உங்கள் 2080-இல் நிறத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கதையில் முடிவு பண்ணுங்கள். அரசாங்கமா, ஒரு கம்பெனியா, இல்லை தண்ணீர் இல்லாததால் சாயப்பட்டறையே மூடிக்கிடக்கிறதா? கடைசியாகச் சொன்னது என்றால் எல்லாரும் பழைய, வெளுத்த துணியில்தான் இருப்பார்கள், அதற்கு லட் தேவையே இல்லை, வீட்டுப் பரண் போதும்.

அடுத்து, எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விலக்குவது என்று யோசித்தால் செலவும் குறையும். 'ஹெர்' (2013) படத்தில் எதிர்காலம் இதமாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அதில் நீலத்தை முடிந்தவரை ஒதுக்கிவைத்தார்கள். எதிர்காலம் என்றாலே நீலம் என்று பழகிய கண்ணுக்கு அதுவே புதுசாக இருந்தது. 'வால்-ஈ' பூமியில் துருவும் புழுதியும்தான், அதனால்தான் ஒரு ஷூவுக்குள் நட்டுவைத்த சின்னச் செடியின் பச்சை கண்ணில் போய் அறைகிறது. நீங்களும் ஒரு நிறத்தைப் பூட்டி வையுங்கள், ஒரே ஒரு இடத்தில் திறந்துவிடுங்கள்.

முழுப் படத்துக்கும் ஒரே சாயலைப் போட்டால் சில நிமிஷத்தில் கண் பழகிவிடும், அப்புறம் பார்வையாளருக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே நடுவில் சாயல் இல்லாத ஒரு ஷாட்டாவது வர வேண்டும். இரவுக் காட்சிக்கு, இன்னும் எல்.இ.டி. மாற்றாத சோடியம் விளக்குத் தெரு எங்காவது கிடைத்தால் விடாதீர்கள், அந்த மஞ்சளில் மற்ற நிறமெல்லாம் தானாகச் சாகும், காசும் இல்லை. கேமராவில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், சான் பிரான்சிஸ்கோ கதை மேலே இருக்கிறது. முடிந்த படத்தை லேப் மானிட்டரில் மட்டும் பார்க்காமல், பகல் வெளிச்சத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்று போனிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், உங்கள் படத்தை நிறைய பேர் பார்க்கப்போவது அப்படித்தான். அடர்ந்த சாம்பலில் நீங்கள் ஒளித்து வைத்த நுணுக்கமெல்லாம் அங்கே வெறும் கறுப்பாகத் தெரிந்தால் வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒரு கிரே கார்டை (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) காட்டி இரண்டு விநாடி பதிவு பண்ணி வையுங்கள், கிரேடிங் பண்ணும் பையன் உங்களுக்குக் கோயில் கட்டுவான்.